பின்பக்க வழி

"கொட்டுற மழை. கையில ரெண்டு பை, உங்க அம்மா வயித்துல நீ. அந்த வீட்டுக்காரன் கதவைத் திறந்து எங்களை மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தான். 'முன்வாசல் உங்களுக்கில்ல, சுத்திக்கிட்டுப் பின்பக்கமா வாங்க'ன்னான். முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இன்னும் இங்க நிக்குது" என்று தலைவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டிய அந்த நொடியில்தான் முன்கதவு திறந்தது.

வந்தவள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்த பின்னறைக்காரி. ஒரு கையில் குழந்தையின் கை, மறு கையில் பிளாஸ்டிக் பை. தலைமுடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. இரண்டடி உள்ளே வைத்தவள், கூடத்தில் எரிந்த பெரிய விளக்குகளையும் முக்காலியில் நின்ற கேமராவையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏய்! எத்தனை தடவை சொல்றது? பின்பக்கமாப் போ!"

"சந்துல முழங்கால் தண்ணி ஐயா. சாக்கடை பொங்கி நிக்குது. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு..."

"கரைஞ்சா போயிடுவ? போன்னா போ."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். கதவு சாத்தப்பட்டது. தலைவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"எங்க விட்டேன்?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. "பின்பக்கமா வரச் சொன்னாங்கன்னு சொல்லிட்டிருந்தீங்கப்பா."

"ஆங், அதான்" என்று அவர் தொடர்ந்தார். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே தழுதழுத்தது. தலைவரம்மா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு சமையலறை வாசலில் நின்றாள். கேமரா பதிவு செய்துகொண்டே இருப்பதைக் காட்டும் சிவப்புப் புள்ளி அணையாமல் எரிந்ததை, மகளைத் தவிர அவள் ஒருத்திதான் கவனித்தாள்.

அவர் இருபத்தெட்டு வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்பு டிரைவர். வந்தேறிகள் முன்னேற்ற சங்கத்தில் மூன்றாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு வீட்டிலும் வெளியிலும் தலைவர். அவளுக்கும் அந்தப் பட்டத்திலிருந்து ஒரு துண்டு கிடைத்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நீராவி மெஷின் முன் நின்று, மற்றவர்களுடைய ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளைத் துவைத்து மடித்தவளுக்குக் கடைசியில் தலைவரம்மா என்று பெயர் நிலைத்தது. பின்னறைக்காரி இப்போது வேலை பார்ப்பது அதே கூடத்தில், அதே மெஷினில். இவர்கள் வந்த அதே பக்கத்திலிருந்து வந்தவள், இவர்கள் பேசும் அதே பேச்சைப் பேசுகிறவள். முப்பது வருஷம் தாமதமாக வந்தாள், அவ்வளவுதான். ஆனால் சங்கத்தில் எல்லோரும் ஒரே வாக்கியத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்: "நாம வந்தப்ப வந்தவங்க வேற. இப்ப வர்றவங்க வேற."

வேறு என்பதால் அவளுக்கு வேறு சட்டம். முன்வாசல் கிடையாது. கொடியில் துணி போடக் கூடாது. குழந்தை முன்படியில் உட்காரக் கூடாது. உறவுக்காரர்கள் வரக் கூடாது. இதில் துணியைப் பற்றிய விதியைப் போட்டது தலைவரம்மாதான். தெருவிலிருந்து பார்த்தால் அசிங்கமாகத் தெரிகிறது என்றாள். அன்று அது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

மகள் வீடியோ இன்ஸ்டலேஷன் செய்கிறவள். அது என்னவென்று தலைவரம்மாவுக்கு வெகுநாள் பிடிபடவில்லை. சினிமா மாதிரி, ஆனால் சினிமா இல்லை. நாற்காலி போட மாட்டார்கள். இருட்டறையில் சுவருக்குச் சுவர் படம் ஓடும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். பார்க்கிறவர்கள் நடந்துகொண்டே பார்த்துவிட்டு, இஷ்டப்பட்டபோது வெளியே போகலாம். இந்த முறை, பிழைக்க வந்து ஒதுக்கி வைக்கப்பட்டவர்களைப் பற்றி எடுக்கிறாள் என்றதும் தலைவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தானாகவே வந்து கேமரா முன் உட்கார்ந்துவிட்டார்.

படம் எடுத்த அன்று சாயங்காலம், அவர் கடைக்குப் போனதும், தலைவரம்மா மகளிடம் வந்தாள்.

"அந்த இடத்தை அழிச்சிடு."

"எந்த இடத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"அம்மா, ரெண்டு மணி நேரம் எடுத்ததுல அந்த ஒண்ணுதான் உண்மை. மத்ததெல்லாம் அப்பா மேடையில பேசுறது."

"உனக்கு அது படம். அவளுக்கு அது வீடு. உங்கப்பா படத்தைப் பாத்த மறுநாள் அவ சாமானைத் தூக்கித் தெருவுல வெப்பாரு. நீ பொட்டியைத் தூக்கிக்கிட்டு உன் ஊருக்குப் போயிடுவ."

மகளுக்கு முகம் சிவந்தது. "சரி. அவங்களையே கேப்போம்" என்றாள்.

ஒரு வருஷமாக வாடகைக்கு விட்டிருந்த அந்த அறைக்குள் தலைவரம்மா அன்றுதான் காலடி வைத்தாள். தாழ்ந்த கூரை. ஒரு மூலையில் அடுப்பு, மறு மூலையில் மடக்குக் கட்டில். வெளியே கொடி கிடையாது என்பதால் அறைக்கு நடுவே கயிறு கட்டி, குழந்தையின் பள்ளிச் சீருடையைத் தொங்கவிட்டிருந்தாள். அது காயாமல் புழுங்கி நாறியது. ஒரே ஒரு ஜன்னல். அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பேசுவதற்கு மூவரும் அந்த ஈரச் சீருடைக்குக் கீழே குனிந்துதான் உட்கார வேண்டியிருந்தது.

மகள் விஷயத்தைச் சொன்னாள். பின்னறைக்காரி கேட்டுக்கொண்டாள்.

"என்னைக் கேக்கறதுக்குன்னு இந்த வீட்டுல ஒருத்தர் வந்தீங்களே, சந்தோஷம்" என்றாள். சிரிக்கவில்லை. "போட்டா என்ன ஆகும்?"

"அப்பா கோபப்படுவாரு அக்கா."

"என்னை வெளிய போகச் சொல்லுவாரு. உங்களை?"

மகள் தலையில் இடித்த ஈரச் சீருடையை ஒதுக்கிவிட்டாள்.

"பாப்பாவுக்கு இந்த விலாசத்தை வெச்சுத்தான் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சுது. பரீட்சை முடிய இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. எனக்கு இந்த ஏரியாவுலயே வேற எடம் பாத்துக் கொடுத்துட்டுப் போடுங்க. பாப்பா மூஞ்சி தெரியக் கூடாது. என் மூஞ்சியை மறைக்காதீங்க."

"மறைச்சா உங்களுக்குப் பாதுகாப்புன்னு நினைச்சேன்."

"டிவியில திருடியைத்தான் மூஞ்சியை மறைச்சுக் காட்டுறாங்க. நான் எதைத் திருடினேன்? மழைக்கு ஒதுங்கினேன்."

மகள் அந்த வாரமே இடம் தேட ஆரம்பித்தாள். தேடினாள் என்பது பொய்யில்லை. தலைவரம்மாவே இரண்டு இடத்துக்குக் கூடப் போனாள். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் இவளைப் பார்த்து, "வாங்க, வாங்க" என்று அறையைக் காட்டினாள். ஜன்னல், குழாய் எல்லாம் காட்டி முடித்து, "எத்தனை பேரு இருப்பீங்க?" என்றாள். தலைவரம்மா திரும்பி, வாசலில் குழந்தையோடு நின்றவளைக் கைகாட்டினாள். அந்த அம்மாளின் முகம் ஜவுளிக்கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. "இப்பதான் ஞாபகம் வருது, நேத்தே ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றாள். மற்ற இடங்களில் போனிலேயே முடிந்துவிட்டது. பின்னறைக்காரி இரண்டு வாக்கியம் பேசியதும் அறை நிரம்பிவிடும். அந்த அழைப்புகளையும் மகள் அவள் அனுமதியோடு பதிவு செய்துகொண்டாள்.

கண்காட்சி தேதி நெருங்கியது. வீடு கிடைக்கவில்லை.

"எடம் பாத்த பிறகுதான்னு சொன்னியே" என்று தலைவரம்மா போனில் கேட்டாள்.

"ஹால் தேதியை மாத்த முடியாதும்மா. ரெண்டு வருஷம் காத்திருந்து கிடைச்ச இடம். அவங்ககிட்ட மறுபடி கேட்டேன், சரின்னாங்க."

"வேற என்ன சொல்லுவா? அவளுக்கு வேண்டாம்னு சொல்லிப் பழக்கமே இல்ல."

மகள், "வச்சிடறேம்மா, வேலை இருக்கு" என்றாள்.

கண்காட்சிக்குச் சங்கம் ஒரு வேனே பிடித்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டையும் பட்டுப் புடவையுமாக இருபத்திரண்டு பேர். ஆளுயரப் பூங்கொத்தைச் செயலாளர் மடியில் வைத்துக்கொண்டார். முன்பு மாவு மில்லாக இருந்த கட்டடம். உள்ளே கும்மிருட்டு. ஒரு சுவரில் அரசு அலுவலக வரிசையில் டோக்கனைப் பிடித்துக்கொண்டிருக்கும் கைகள் மட்டும் வந்தன. இன்னொரு சுவரில் ஒன்றுமே இல்லை, வெள்ளை வெளிச்சமும் "அறை காலியில்லைங்க", "காலியில்லை", "நேத்தே போயிடுச்சு" என்ற குரல்களும்தான். மூன்றாவது சுவர் முழுக்கத் தலைவர்.

அவர் மூக்கே ஓர் ஆள் உயரம் இருந்தது. "நம்ம தலைவரு சுவரு கொள்ளாம இருக்காரு பாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் பேசப் பேச அமைதியானார்கள். தலைவரம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற செயலாளரின் மனைவி மூக்கை உறிஞ்சினாள். மழை, இரண்டு பை, வயிற்றில் பிள்ளை. அறிமுகமில்லாதவர்கள் கூட நின்று கேட்டார்கள். தலைவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன்னையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கதவு திறக்கும் சத்தம் நான்கு மூலையிலிருந்தும் வந்தது.

"ஏய்! எத்தனை தடவை சொல்றது? பின்பக்கமாப் போ!"

வீட்டில் அது ஒரு அதட்டல். இங்கே இடி. "கரைஞ்சா போயிடுவ?" குழந்தையின் முதுகும் தாயின் நனைந்த முகமும் சுவரில் ஒரு கணம் நின்று போயின. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த பெரிய தலைவர் கூட்டத்தைப் பார்த்து, "எங்க விட்டேன்?" என்றார். யாரோ ஒரு இளைஞன் பக்கென்று சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

தலைவரம்மாவுக்கு அந்த நொடியில் உள்ளூர ஒரு நிம்மதி கூட இருந்தது என்றால் மறைப்பதற்கில்லை. மாட்டிக்கொண்டார், நன்றாக மாட்டிக்கொண்டார் என்று தோன்றியது. அப்போதுதான் சுவரின் இடது ஓரத்தில், கீழே, ஏதோ அசைந்தது. ஒரு பெண். கையில் துணி. கதவு முழுதாகச் சாத்தப்படுவதற்கு முன்பே மண்டியிட்டு, தரையிலிருந்த ஈரக் காலடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய காலடி இரண்டு. பக்கத்தில் சின்னது இரண்டு. அந்தச் சின்னக் காலடியில் சேறு ஒட்டியிருந்தது போல, அதைத் துணியை மடித்து அழுத்தி மறுபடி துடைத்தாள். ஒரு தடவை கூடத் தலை நிமிரவில்லை.

யார் இந்தப் பொம்பளை, இவ்வளவு அவசரமாக, என்று தலைவரம்மா நினைத்தாள். புடவைக் கரையைப் பார்த்தபின்தான் தெரிந்தது. துடைத்தது அவளுக்கு ஞாபகமே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது. அவள் வாய் அன்று ஒன்றும் சொல்லவில்லை என்பதைத் தன் கணக்கில் நல்லதாகவே இத்தனை நாள் வைத்திருந்தாள்.

படத்தின் பதினோரு நிமிடமும் முடிந்தது. மழை, இரண்டு பை என்று மறுபடி ஆரம்பித்தது. புதிதாக உள்ளே வந்தவர்கள் நின்று கேட்கத் தொடங்கினார்கள்.

"நிறுத்துய்யா!" என்று தலைவர் கத்தினார்.

வாசலிலிருந்த காவலாளி ஓடி வந்தான். "என் கையில இல்ல சார். தானா ஓடுற மாதிரி வெச்சிருக்காங்க" என்றான். பிறகு சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்கதானே சார் அது?"

மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா..." என்றாள். அவர் அவளைப் பார்க்காமலே வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வேன் கிளம்பியது. சங்கத்து ஆட்கள் என்ன சொல்லப் போகிறார்களோ என்று தலைவரம்மா காத்திருந்தாள். அவர்களும் ஒரு காலத்தில் பின்பக்கமாகப் போனவர்கள்தானே. ஒருத்தராவது கேட்பார் என்று நினைத்தாள்.

செயலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். "தலைவரே, நீங்க மனசு விடாதீங்க. நீங்க பண்ணினதுல தப்பே இல்ல. எங்க வீட்டுலயும் குடியிருக்கறவங்களுக்குப் பின்னாடிதான் வழி. கொஞ்சம் இடம் கொடுத்தா தலையில ஏறி உக்காந்துக்குவாங்க."

"எங்க வீட்டுல மாடிப்படி கூடத் தனி" என்றார் பின்சீட்டுக்காரர்.

"தப்பு நம்ம பொண்ணு மேல. வீட்டுக்குள்ள நடக்கறதைச் சுவத்துல போட்டுக் காட்டலாமா?"

செயலாளரின் மனைவியின் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. "அவ மூஞ்சியைப் பாத்தீங்களா? பச்சைப் புள்ள மாதிரி வெச்சுக்கிட்டு! கேமரா இருக்குன்னு தெரிஞ்சு வேணும்னேதான் முன்பக்கம் வந்திருப்பா."

"அடுத்த கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டுடுவோம்" என்று செயலாளர் முடித்தார். "உறுப்பினர்கள் வீட்டுல கேமராவுக்கு அனுமதி இல்லைன்னு."

ஏகமனதாக எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கொடுக்கப்படாத பூங்கொத்து, திருப்பத்துக்குத் திருப்பம் சரிந்து தலைவரம்மாவின் தோளில் வந்து விழுந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை தலைவர் மேஜையில் ஒரு தாளை வைத்தார். ஒரு வாரத்துக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அவரே எழுதி, தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. வாடகைப் பத்திரத்திலும் இரண்டு கையெழுத்து. ஆகவே இதிலும் இரண்டு வேண்டும்.

"போடு" என்று பேனாவை நீட்டினார்.

அவள் தாளை எடுத்து நிதானமாகப் படித்தாள். இத்தனை வருஷத்தில் அவர் நீட்டிய எந்தத் தாளையும் அவள் படித்ததில்லை. விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"அதுல படிக்க என்ன இருக்கு? போடுன்னா."

"பாப்பாவுக்குப் பரீட்சை முடியல."

"அவ பாப்பாவுக்கு நான் என்ன கார்டியனா? ஊரு சிரிச்சுது நேத்து! போடறியா இல்லையா?"

அவள் தாளை நான்காக மடித்து அவர் பக்கம் தள்ளிவைத்தாள். "போட மாட்டேன்."

அவருக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. "உனக்கென்ன கேடு? அவமானப்பட்டது நான். உன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? அந்தப் படத்துல நீ எங்கயுமே இல்லையே!"

"இருக்கேன்" என்றாள். "தரையில இருக்கேன். நீங்க பாக்கல."

அவர் மேஜையில் ஓங்கி அடித்தார். தம்ளர் உருண்டு விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தைகளையெல்லாம் சொன்னார். அவளுடைய பிறந்தவீட்டை இழுத்தார், வளர்ப்பை இழுத்தார், பெற்ற மகளை இழுத்தார். அவள் உருண்ட தம்ளரை எடுக்கக் கூடக் குனியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளும் சத்தத்தில்தான் அவர் கோபத்தைப் பேசினார். கையெழுத்து விழவில்லை.

பத்திரிகையில் மகளைப் புகழ்ந்து அரைப் பக்கம் வந்தது. துணிச்சலான கலைஞர் என்று எழுதியிருந்தார்கள். அவள் சந்தோஷமாகப் போன் செய்தாள்.

"படிச்சியாம்மா?"

"படிச்சேன். அவளுக்கு எடம் பாத்தியா?"

"...பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"பாத்துட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை, சலவைக்கூடத்து வேலை முடிந்து பின்னறைக்காரி வரும் நேரத்துக்குத் தலைவரம்மா முன்கதவை விரியத் திறந்துவைத்துப் படியில் நின்றாள். குழந்தையோடு தெருமுனை திரும்பியவள், வழக்கம்போலச் சுவரோரமாகச் சந்துப் பக்கம் ஒதுங்கினாள்.

"இந்தாம்மா, இப்படியே வா. இனிமே நீ இந்த வழியாவே வரலாம்."

பின்னறைக்காரி நின்றாள். கூடத்துக்குள் நாற்காலியில் இருந்த தலைவரையும், படியில் நின்றவளையும் பார்த்தாள். குழந்தையைச் சந்துக்குள் நாலடி முன்னே அனுப்பிவிட்டு, கிட்டே வந்தாள்.

"நேத்து லீவு. பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் அந்தப் படத்தைப் பாத்தேம்மா."

தலைவரம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா திட்டினது பாப்பாவுக்குப் பெருசாப் படல. அது தினம் கேக்கறதுதானே. 'அந்தம்மா ஏம்மா என் காலைத் துடைக்கறாங்க'ன்னு கேட்டா."

"நீ... என்ன சொன்ன?"

"யாராவது வழுக்கி விழுந்துடக் கூடாதுன்னு துடைக்கறாங்கன்னு சொல்லி வெச்சேன். இப்போதைக்கு நம்பிட்டா."

தெருவில் போன பேருந்தின் இரைச்சல் அடங்கியதும் பின்னறைக்காரி இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

"நீங்க கையெழுத்துப் போடலைன்னு தெரியும்மா. சுவரு மெல்லிசு, எல்லாம் கேட்டுது. பரீட்சை வரைக்கும் இருந்துக்கறேன். வாடகை கொடுக்கறேன், இருக்கேன். ஆனா கதவு வேண்டாம். இன்னிக்கு நீங்க தொறப்பீங்க, நாளைக்கு அவரு சாத்துவாரு. நடுவுல நின்னு நனையறது நாங்க."

அவள் முறைக்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. சந்துக்குள் போய்க் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தலைவரம்மா படியிலேயே நின்றாள். வாசல் வழியே தெருவின் தூசும் இரைச்சலும் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தன.

"கதவைச் சாத்து!" பல நாளைக்குப் பிறகு தலைவர் பேசிய முதல் வார்த்தை அது.

"சாத்தணும்னா நீங்க எழுந்து வந்து சாத்துங்க" என்றாள் அவள். பிறகு உள்ளே போய், பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கமாக நடந்தாள். அவளுடைய புடவைகளும் தலைவரின் வெள்ளைச் சட்டைகளும் அன்று பின்னறை வாசலில் கட்டிய கயிற்றில் காய்ந்தன. தெருவைப் பார்த்த முன்கொடியில் ஒரே ஒரு பள்ளிச் சீருடை தொங்கியது. பின்னறைக்காரியிடம் அதை அவள் கேட்டுத்தான் வாங்கிப் போட்டாள். தயங்கித் தயங்கித்தான் அவள் கொடுத்தாள்.